தகட்டுக்குள் ஒளித்த பாட்டு

சங்கத்தின் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது நார்மன் பிட்டாக்கின் வண்டி எப்போதும் கடைசியில், மதுக்கடையின் குப்பைத் தொட்டிகளை ஒட்டியே நிற்கும். அது விதி. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைத் தம் கையாலேயே பூட்டி, கூரையும் கதவும் இல்லாத அந்த இரண்டு இருக்கை வண்டியை அவர் கட்டி முடித்துச் சில கோடைகள் கழிந்துவிட்டன. இருந்தும் அவர் இன்னமும் சோதனை உறுப்பினர்தாம். சங்கத்தின் பித்தளை முத்திரை வண்டியின் மூக்கில் ஏறும் வரையில் ஊர்வலத்தில் கடைசி, நிறுத்தும் இடத்தில் கடைசி, பேச்சிலும் கடைசி.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பக்கத்துக் கிராமங்களில் சொந்தமாக வண்டி கட்டுவோர் பலர் உண்டு. ஆனால் 'மூன்று வாத்துகள்' மதுக்கடையில் கூடும் இந்தச் சங்கத்தாருக்குத் தங்களைப் பற்றி ஓர் உயர்ந்த எண்ணம் இருந்தது. ஓடுவதற்கு வேண்டாத எதுவும் வண்டியில் இருக்கலாகாது என்பது அவர்களுடைய ஒரே சட்டம். தலைவர் கிளைவ் ஹார்ட்ராப் மார்கழிக் குளிரிலும் ஹீட்டர் இல்லாமல் ஓட்டுவார். மழையில் நனைந்த காற்சட்டையோடு மதுக்கடைக்குள் நுழைவதை ஒரு பதக்கம் அணிந்து வருவதைப் போலச் செய்வார். யாருடைய வண்டியிலாவது வேண்டாத பொருள் இருப்பது தெரியவந்தால் 'உரிப்பு' நடக்கும். உரியவரே தம் வண்டியைக் கழற்ற வேண்டும். மற்றவர்கள் கையில் பீர்க் கோப்பையோடு சுற்றி நின்று பார்ப்பார்கள். கழற்றிய பொருள், உரியவரின் பெயர் எழுதிய அட்டையோடு, மதுக்கடையின் உத்திரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடப்படும். அங்கே ரேடியோக்களும், கோப்பை தாங்கிகளும், வழிகாட்டிப் பெட்டிகளும், யாரோ ஒருவரின் மனைவிக்காக வைத்த முகக்கண்ணாடியும் தூசி படிந்து தொங்கின. அந்த யாரோ ஒருவர் பிறகு சங்கத்துக்கு வரவில்லை.

நார்மன் முன்பு கெட்டரிங் நகரில் ரேடியோக்களும் பாட்டுப் பெட்டிகளும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கடையை மூடினார், அதற்கடுத்த ஆண்டு மனைவியும் இறந்துபோனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடன் பேசிய மனிதர்கள் இந்தச் சங்கத்தார் மட்டுமே. அவர்களும் பேசினார்கள் என்று சொல்வதைவிட, அவர்மேல் பேச்சை எறிந்தார்கள் என்பதே பொருந்தும்.

"என்ன ரேடியோ, இன்னைக்கு மழை வருமா?" என்று பாரி ஸ்டோக்கோ கேட்பார். இறைச்சிக்கடை வைத்திருந்த பருமனான மனிதர், சிரிப்பும் பருமனானது. "வால்யூம கொஞ்சம் குறைச்சுக்கப்பா. நீ மூச்சு விடுறது இங்க வரைக்கும் கேக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். நார்மனும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். கோபித்துக்கொண்டவர் எவருக்கும் முத்திரை கிடைத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு மழை நாளின் பிற்பகலில், கிளைவ் ஹார்ட்ராப் நார்மனுடைய கார்க் கொட்டகைக்கு வந்தார். தம் வண்டியில் வரவில்லை. மனைவியின் சிறிய காரில் வந்து, அதையும் அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்.

"நார்மன், அந்தக் கதவ கொஞ்சம் சாத்து."

கிளைவின் வாயிலிருந்து தம் பெயர் வந்தது அதுவே முதல் முறை என்பதை நார்மன் கவனித்தார். கதவைச் சாத்தினார்.

"நான் சொல்லப் போறது இந்தக் கொட்டாய விட்டு வெளிய போகக் கூடாது."

"சொல்லுங்க தலைவரே."

"என் காதுல ஒரு விசில் அடிக்குது. ராவு பகல் கிடையாது. டாக்டர் பாத்துட்டு, வயசாச்சு, பழகிக்கங்கன்னுட்டான். எதாவது பாட்டு ஓடிட்டிருந்தா அடங்குது. வீட்ல சரி, சமாளிச்சுக்கறேன். வண்டில ஏறுனா மண்டைக்குள்ள யாரோ கெட்டில் வெச்ச மாதிரி இருக்கு. ஓட்டவே பிடிக்கல."

"வண்டில பாட்டு வெக்கணுமா?"

"வெக்கணும். ஆனா இருக்கக் கூடாது." கிளைவ் நார்மனை நேராகப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்தபடி பேசினார். "ஒரு பட்டன், ஒரு வலை, ஒரு ஓட்டை, ஒண்ணும் தெரியக் கூடாது. பாரி மோப்ப நாய் மாதிரி, தெரியுமில்ல. அவன் மோந்து பாத்தாலும் தெரியக் கூடாது."

நார்மன் சற்று நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கிளைவ் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"மே மாசக் கூட்டத்துல உன் பேர நானே முன்மொழியறேன். முத்திரைய என் கையாலயே உன் வண்டில திருகறேன். போதுமா?"

நார்மன் அதற்காகத் தயங்கியிருக்கவில்லை. எந்தத் தகட்டின் பின்னால் எதை வைக்கலாம் என்று அவர் மனம் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. ஆயினும், போதும் என்றார்.

அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பாட்டுக் கருவியை ஒளிப்பது எளிதன்று. கதவு இல்லை, பின்பெட்டி இல்லை, முன்பலகையில் கைவிரல் நுழைய இடமில்லை. வேகம் கூடக் கூடக் காற்று ஒலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நார்மன் ஸ்பீக்கரே வைக்கவில்லை. தகட்டின் முதுகில் ஒட்டினால் அந்தத் தகட்டையே அதிரவைத்துப் பாடவைக்கும் வட்ட வில்லைகள் உண்டு. அவற்றில் இரண்டை இருக்கைகளுக்குப் பின்னாலிருந்த அலுமினியத் தகட்டின் மறுபுறத்தில், காதுக்கு மிக அருகே அமையும்படி ஒட்டினார். கனமான தாள ஒலிக்கு இருக்கையின் அடியில் ஓர் அதிர்ப்பானைப் பூட்டினார். அது காதால் கேட்பதைவிட முதுகெலும்பால் கேட்பது. சோப்புப் பெட்டி அளவிலான ஆம்ப்ளிஃபயரை, நடுவில் ஓடும் தகட்டுச் சுரங்கத்துக்குள் படுக்கவைத்தார். வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தால் சங்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதற்கென்று தனியாக ஒரு சிறிய பேட்டரி. அணைக்கும் பட்டனே கிடையாது. கைப்பேசி அருகில் வந்தால் அது விழிக்கும். கைப்பேசி சொன்னதைப் பாடும்.

எல்லாவற்றையும் வைத்து மூடிய பிறகு தகட்டை இறுக்கிய புதிய ரிவெட்டு ஆணிகள் பளபளத்தன. அவற்றை வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்து, விரலால் கரியும் எண்ணெயும் தேய்த்து, பழைய ரிவெட்டுகளின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். ஒலியின் அளவுகளைத் திருத்துவதற்காகத் தம்முடைய கைப்பேசியையும் அதனோடு இணைத்திருந்தார். வேலை முடிந்ததும் அந்த இணைப்பை அழித்துவிட வேண்டும் என்றிருந்தவரைக் கிளைவ் அவசரப்படுத்திவிட்டார். அது அப்படியே நின்றுபோயிற்று.

முதன்முதலாகப் பாட்டு ஓடியபோது கிளைவ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். யாரோ ஒரு பெண் நிதானமாகப் பாடிய, பிரிவைப் பற்றிய பழைய பாட்டு. சங்கத்தில் எவராவது அப்படிப்பட்ட பாட்டைக் கேட்டிருந்தால் கிளைவே முதல் ஆளாக ஏளனம் செய்திருப்பார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தில் பல மாத இறுக்கம் மெல்ல அவிழ்ந்தது.

"நின்னுடுச்சு," என்றார். "விசில் நின்னுடுச்சுய்யா."

தாங்கள் இருவரும் இனி நண்பர்கள் என்று அந்த நிமிடத்தில் நார்மன் நம்பினார். அப்படி நம்பியதில் அவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி, முத்திரையைக் குறித்த மகிழ்ச்சியைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

மே மாதக் கூட்டத்தன்று வானம் வெளுத்திருந்தது. மதுக்கடையின் பின்புறப் புல்வெளியில், சங்கத்தின் வழக்கப்படி, வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் உரசும் அளவுக்கு நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்தன. முத்திரை பெறப்போகிறவரின் வண்டி அன்று தலைவரின் வண்டிக்கு அடுத்ததாக நிற்க வேண்டும். நார்மன் அதிகாலையிலேயே எழுந்து தம் வண்டியை மெழுகிட்டுத் துடைத்திருந்தார். குப்பைத் தொட்டிகளைக் கடந்து முன்வரிசைக்கு ஓட்டி வந்தபோது பாரி கைதட்டினார்.

"வழி விடுங்கப்பா, மாப்பிள்ளை வர்றாரு. டேய் ரேடியோ, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? உனக்கு முத்திரையத்தான் குத்தப் போறாங்க, ஊசி இல்ல."

நார்மன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது உண்மையான சிரிப்பு.

கடைக்காரி மோய்ரா பன்றிக்கறி அடைத்த அப்பத் துண்டுகளையும் ஊறுகாய் வெங்காயத்தையும் மேசையில் பரப்பிக்கொண்டிருந்தாள். கிளைவ் பித்தளை முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசுவதற்கு முன் ஒரு வாய் குடித்துக்கொள்ளலாம் என்று மடக்கு நாற்காலியில் அமர்ந்தார். கைப்பேசி அவருடைய பின்பாக்கெட்டில் இருந்தது.

வண்டிகளின் வரிசையிலிருந்து ஒரு பெண் பாடத் தொடங்கினாள்.

மிக மெல்லிய ஒலி. ஆனால் புல்வெளி முழுவதும் அதைக் கேட்டது. பிரிவைப் பற்றிய அந்தப் பழைய பாட்டு. எங்கிருந்து வருகிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. தகடே பாடும்போது அது எல்லாத் தகடுகளிலிருந்தும் வருவதைப் போலத்தான் இருக்கும். நார்மன் பெருமைப்பட்ட குணம் அது. கிளைவின் கை பின்பாக்கெட்டுக்குப் போயிற்று. பாட்டு நின்றது.

"யாரோடது?" என்றார் பாரி. குரலில் நையாண்டி இல்லை. வேட்டை நாள் வந்துவிட்டதை அறிந்த மனிதரின் குரல் அது.

கிளைவ் எழுந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு வண்டியின் பானட்டிலும் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதைப் போல, மெல்ல நடந்துவந்தார். தம் வண்டியின் மேலும் வைத்தார். பிறகு நார்மனுடைய வண்டியின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"இங்கதான்," என்றார். "இன்னும் அதிருது."

நார்மன் அவரைப் பார்த்தார். கிளைவ் யாரும் அறியாதபடி இமையைத் தாழ்த்தினார். கொஞ்சம் பொறுத்துக்கொள், நான் சரிசெய்துவிடுகிறேன் என்று அந்த இமை சொன்னதாக நார்மன் எடுத்துக்கொண்டார். தம் வண்டியில் பாட்டுக் கருவி எதுவும் இல்லை. கழற்றிக் காட்டினால் இல்லை என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு முத்திரை எங்கே போய்விடப் போகிறது? வாயைத் திறந்தால் தலைவர் போவார். தலைவர் போனால் முத்திரையும் போகும்.

"டூல்ஸ் கொண்டு வந்திருக்கியா, இல்ல நாங்க குடுக்கணுமா?" என்று பாரி கேட்டார்.

"இருக்கு," என்றார் நார்மன்.

முதலில் இருக்கைகளைக் கழற்றிப் புல்லில் வைத்தார். அடியில் ஒன்றுமில்லை. முன்பலகையைக் கழற்றினார். ஒன்றுமில்லை. முழங்கால் படிந்த இடத்தில் புல் ஈரமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் அப்பத்தைத் தின்றபடி யோசனை சொன்னார்கள்.

"அவன் தொழில்காரன்ப்பா. சும்மா வெளியவா வெப்பான்?"

"நடுச் சுரங்கத்தத் திறக்கச் சொல்லு."

"ரேடியோ, உன் பொண்டாட்டி பாடுன கேசட்டா அது?"

கடைசியாகச் சொன்னவன் யார் என்று நார்மன் திரும்பிப் பார்க்கவில்லை. சுரங்கத் தகட்டின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்தார். ஒன்றுமில்லை. அவர் எழுந்து நின்று கிளைவைப் பார்த்தார். இப்போது சொல்வார் என்று காத்திருந்தார்.

கிளைவ் கோப்பையைக் கீழே வைத்தார். "பின்தகடு," என்றார்.

இருக்கைகளுக்குப் பின்னாலிருந்த அந்தத் தகட்டை நார்மன் கடையில் வாங்கவில்லை. மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி, ஒரு குளிர்காலம் முழுவதும் செலவழித்து வளைத்தது. ரிவெட்டுகள் எல்லாம் வருவதற்கு முன்பே பொறுமை இழந்த பாரி, டயர் கழற்றும் நெம்புகோலை இடுக்கில் கொடுத்து அழுத்தினார். தகடு முனகிக்கொண்டு மடிந்தது. ஒரு மூலை கிழிந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறிய தலையணை மட்டும் இருந்தது. நெடுந்தூரம் ஓட்டும்போது இடுப்பு வலிக்காக நார்மன் முதுகில் வைத்துக்கொண்டு, பிறகு தகட்டின் அடி இடுக்கு வழியே உள்ளே செருகிவிடுவது.

"ஓடறதுக்கு வேணுமா இது?" என்று பாரி அதைத் தூக்கிப் பிடித்தார். சிரிப்பு புல்வெளியைச் சுற்றி வந்தது. "மோய்ரா, ஒரு அட்டை எடு. எழுதிக்க. நார்மன் பிட்டாக், குஷன்."

"பாட்டு இல்லியே," என்றாள் மோய்ரா. அவ்வளவுதான் சொன்னாள்; அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள்.

கிளைவ் முத்திரையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மறைச்சு வெச்சத எடுத்துக் காட்டல. அது உன் மனசாட்சி. ஆனா முத்திரை இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம். கத்துக்க டைம் இருக்கு." குரலில் ஒரு தந்தையின் கனிவு இருந்தது.

அந்தக் கனிவைத்தான் நார்மனால் தாங்க முடியவில்லை. நெம்புகோலைத் தாங்கினார், தலையணையைத் தாங்கினார். இதைத் தாங்க முடியவில்லை. கிரீஸ் படிந்த கட்டைவிரலால் தம் கைப்பேசியை எடுத்து, ஒலியின் அளவை முழுவதுமாக ஏற்றி, அழுத்தினார்.

கிளைவின் வண்டி பாடியது. அந்தப் பெண்ணின் குரல் தகடுகளை உலுக்கிக்கொண்டு எழுந்தது. வண்டியின் மேல் வைத்திருந்த பீர்க் கோப்பை நடுங்கி நகர்ந்து கீழே விழுந்தது. இந்த முறை எங்கிருந்து வருகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நார்மன் அதை ஒரு பல்லவி முடியும் வரையில் ஓடவிட்டு நிறுத்தினார்.

"இது அவருது," என்றார். அவர் குரல் எதிர்பாராத விதமாக அமைதியாக இருந்தது. "அவர்தான் கேட்டாரு. நான் வெச்சுக் குடுத்தேன்."

எல்லாரும் கிளைவைப் பார்த்தார்கள். அவருடைய முகம் வெளுத்திருந்தது. அவர் தேடிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாரி அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

"தலைவர் கேட்டாராம்," என்றார் பாரி. "நம்ம கிளைவ். அந்தப் பாட்ட."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அது நடக்க முடியாத காரியம் என்பதில் அவர்களுக்கு இருந்த உறுதி அவ்வளவு பெரிது. மார்கழியில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டுகிற மனிதர். உத்திரத்தில் தொங்கும் பொருட்களில் பாதிக்கு ஆணியடித்தவர்.

"போன் யார் கையில இருக்கு பாருங்க," என்றார் கிளைவ். இப்போது அவருக்கு வார்த்தை கிடைத்துவிட்டது. "பிப்ரவரில பிரேக் பாத்துத் தர்றேன்னு வந்தான். பாவம், தனியா இருக்கானேன்னு வண்டிய அவன் கொட்டாய்ல விட்டேன். என் வண்டில கை வெச்சிருக்கான்."

"நீங்க கண்ண மூடிக் கேட்டீங்க," என்றார் நார்மன். "விசில் நின்னுடுச்சுன்னு சொன்னீங்க."

"என்ன விசில்?" என்றார் கிளைவ்.

தம் காதுக்குள் அப்போதும் அடித்துக்கொண்டிருந்ததை மறுத்த அந்த மனிதரின் கண் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. நார்மன் மோய்ராவைப் பார்த்தார். அவள் வெறுங்கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தலைவரின் வண்டியையும் உரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பாட்டுக் கருவியை ஒளித்து வைத்தவனே எடுக்க வேண்டும் என்றும். நெம்புகோலோடு அருகில் வந்த பாரியைக் கிளைவ் தடுத்தார்.

"நீ வேணாம். அவன் பாத்து எடுப்பான்."

அவர் சொன்னது சரியே. நார்மன் பார்த்துத்தான் எடுத்தார். தகட்டில் கீறல் விழாமல் துணி விரித்து, ரிவெட்டின் தலையை மட்டும் சரியாகத் துளைத்து, வில்லைகளை மெல்லிய கம்பியால் பசையிலிருந்து அறுத்துப் பிரித்தார். தம் வண்டிக்கு அவர்கள் செய்ததையே இவர் வண்டிக்கும் செய்ய வேண்டும் என்று மனம் சொன்னது, கை கேட்கவில்லை. ஒரு வேலையைக் கெடுத்துச் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் கிளைவின் வண்டி முன்பிருந்ததைப் போலவே நின்றது. ஆம்ப்ளிஃபயரும் வில்லைகளும் அதிர்ப்பானும் ஒயரோடு ஒயராகக் கட்டப்பட்டு உத்திரத்துக்குப் போயின. அட்டையில் நார்மன் பிட்டாக்கின் பெயர் எழுதப்பட்டது. சோதனை உறுப்பினர் என்ற நிலையும் அத்துடன் முடிந்ததென்று பாரி அறிவித்தார். எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை.

மழை தூற ஆரம்பித்ததும் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஜன்னல் வழியாக வறுத்த உருளைக்கிழங்கின் மணமும் சிரிப்பும் வந்தன. நார்மன் தம் இருக்கைகளைத் திரும்பப் பூட்டினார். கிழிந்த பின்தகட்டை நேராக்கப் பார்த்தார், அது நேராகவில்லை. மடித்து, இடப்பக்க இருக்கையில் நிற்கவைத்துக் கயிற்றால் கட்டினார். ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போல அது தெரிந்தது.

மதுக்கடையின் பின்கதவு திறந்தது. கிளைவ் தலைக்கு மேல் ஒரு செய்தித்தாளைப் பிடித்தபடி வந்து, வண்டியின் அருகே குனிந்தார்.

"நீ அந்த போன எடுத்திருக்கக் கூடாது," என்றார். "அடுத்த வருஷம் பண்ணித் தந்திருப்பேன். நெஜமாத்தான் சொல்றேன்."

நார்மன் சாவியைத் திருகவில்லை.

"உள்ள உக்கார முடியல. அவனுங்க சத்தமும் விசிலும் சேந்து..." கிளைவ் காதை உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குளிர்காலம் வரட்டும். இதெல்லாம் மறந்துடுவானுங்க. அப்ப மறுபடி ஒரு தடவ வெச்சுத் தருவியா? இப்ப என் வண்டிய ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான், பாரு. அது ஒரு வசதி."

இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டலாம் என்று நார்மன் எண்ணிப் பார்த்தார். அவர் முன்னால் ஆறு நாட்கள் கிடந்தன. அந்த நாட்களின் முடிவில், முதன்முறையாக, போவதற்கு இடமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடந்தது. மழை அவர் கழுத்துக்குள் இறங்கியது.

"பின்தகட்டுல வேணாம்," என்றார் நார்மன். தம் குரல் அதைச் சொல்வதை அவரே கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வாட்டி ஹெட்ரெஸ்ட்டுக்குள்ள வெக்கலாம். சத்தம் வெளிய போகாது."

"நல்லது," என்றார் கிளைவ். "வரும்போது நடந்தே வர்றேன்." செய்தித்தாளைச் சரிசெய்துகொண்டு, வெளிச்சமும் சிரிப்பும் இருந்த பக்கமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.